கொல்லைப்புறத்திலிருந்து குளியலறைக்கு

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் மொழிகள். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று வடஆர்க்காட்டின் சில தாலுகாக்களையும் கடப்பைப் பக்கத்து ஊர்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1960 ஏப்ரலில் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் புத்தூரும் நகரியும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வரைபடத்தின் கோடுகள் இத்தனை முறை மாறியும், இப்பகுதியின் வீடுகளுக்குள் நடக்கும் சில காரியங்கள் மொழி வேறுபாடு பாராமல் ஒன்றாகவே இருந்து வந்திருக்கின்றன. குழந்தைக்கு மலஜலம் கழிக்கப் பழக்குவது அவற்றுள் ஒன்று.

சொற்களே அதற்குச் சான்று. சிறுநீரைத் தமிழ்க் குழந்தை ‘உச்சா’ என்கிறது; தெலுங்குக் குழந்தையும் ‘உச்ச’ என்றே சொல்கிறது. பெரியவர்கள் மலங்கழிக்கச் செல்வதைத் தமிழில் ‘கொல்லைக்குப் போவது’ என்றோம். தெலுங்கில் அதற்கு வழங்கும் சொல்லும் புழக்கடையையும் மாட்டுக்கொட்டிலையும் குறிப்பதே. இரண்டு மொழிகளிலும் அந்தச் செயலை அதன் பெயரால் சொல்லத் தயங்கினோம். அது நடந்த இடத்தின் பெயரே செயலுக்கும் ஆயிற்று. அந்த இடம்தான் இன்று மாறியிருக்கிறது. கொல்லை வீட்டுக்குள் வந்து, கதவும் தாழ்ப்பாளும் பெற்றுக் கழிப்பறையாகிவிட்டது. முற்றத்திலும் புழக்கடையிலும் தானாகவே பழகிய குழந்தைக்கு, இப்போது நாம் அமர்ந்து கற்றுத்தர வேண்டிய பாடமாக அது ஆகியிருக்கிறது.

வங்கி இதழில் இதற்கென்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். குழந்தை பிறந்தவுடன் அதன் பெயரில் கணக்குத் தொடங்குகிறோம். கல்விக்கும் திருமணத்துக்கும் திட்டமிடுகிறோம். ஆனால் முதல் மூன்று ஆண்டுகளில் வீட்டின் அமைதியையும் உடல்நலத்தையும் கையிருப்பையும் நாள்தோறும் தொடுகின்ற ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தின் விலையைக் குழந்தை கொடுக்கிறது. ஆகவே இம்முறை அதைப் பற்றியே பேசுவோம்.

பாட்டிமார் கண்ட முறை

நம் வீடுகளின் பழைய முறை எளியது. பெரியவள் ஒருத்தி மணை மீதோ தரையிலோ அமர்ந்து கால்களை நீட்டுவாள். இரு பாதங்களையும் சற்று அகற்றி, அவற்றின் மேல் குழந்தையை உட்கார வைத்து, முதுகைத் தன் முழங்கால்களில் சாய்த்துக்கொள்வாள். பிறகு ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெல்ல ஒலியெழுப்புவாள். பால் குடித்த சற்று நேரத்திலும், தூளியிலிருந்து எடுத்தவுடனும், காலையில் குளிப்பாட்டுவதற்கு முன்பும் இது நடக்கும். கழித்தவுடன் கழுவிவிட்டுத் துணியால் துடைப்பாள். பகலில் குழந்தைக்கு அரைஞாண் கயிறே ஆடை. வெளியில் செல்லும்போது பழைய வேட்டியிலோ சேலையிலோ கிழித்த கோமணத் துணி.

இந்த முறையில் மந்திரம் ஏதுமில்லை. உடலின் இயல்பே இருக்கிறது. இரைப்பையில் உணவு விழுந்தவுடன் பெருங்குடல் அசையத் தொடங்கும். கைக்குழந்தைகளிடம் இந்த அசைவு வலுவாக இருக்கும். பால் குடித்த பின் உட்கார வைப்பதன் காரணம் அதுவே. ‘ஸ்ஸ்ஸ்’ என்ற ஒலியும் சிறுநீர் கழிவதும் மீண்டும் மீண்டும் சேர்ந்து நிகழ்வதால், ஒலி கேட்டவுடன் கழிக்கும் பழக்கம் குழந்தையிடம் படிகிறது. குந்தி அமரும் நிலையில் தொடைகள் வயிற்றோடு சேர்வதால் மலக்குடல் நேராகி, மலம் எளிதில் வெளிவருகிறது.

இது நமக்கு மட்டும் உரியதும் அன்று. கிழக்காப்பிரிக்காவின் டீகோ மக்களிடம் இதையொத்த வழக்கம் இருப்பதை டிவ்ரீஸ் இணையர் 1977இல் ஒரு மருத்துவ இதழில் விரிவாக எழுதினர். அங்கே பிறந்த சில வாரங்களிலேயே தாய் பயிற்சியைத் தொடங்குகிறாள். ஐந்தாறு மாதங்களில் தாயின் சைகைக்கு ஏற்பக் குழந்தை கழிக்கக் கற்றுவிடுகிறது. வியட்நாமில் தாய்மார் சீழ்க்கையொலி எழுப்புகின்றனர். சீனத்தில் குழந்தைகளுக்கு இடையே பிளவுபட்ட காற்சட்டை அணிவித்து வந்தனர். வளர்ப்பவர் எந்நேரமும் அருகில் இருக்கும் சமூகங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

ஆனால் ஒன்றை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இம்முறையில் முதலில் பழகுபவர் குழந்தையல்ல, பெரியவரே. முகம் சிவப்பதையும் முக்குவதையும் கண்டு, நேரமறிந்து தூக்கிச் செல்பவர் அவரே. குழந்தை தானே உணர்ந்து, தானே சொல்லி, தானே அடக்கி, உரிய இடத்துக்குச் சென்று கழிப்பது வேறொரு திறன். அதற்கு நரம்புகள் முதிர வேண்டும். மொழி வர வேண்டும். நடை உறுதிப்பட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான், ‘எங்கள் காலத்தில் ஒரு வயதிலேயே பழகிவிடுவார்கள்’ என்ற பாட்டியின் சொல்லுக்கும், ‘இரண்டு வயதுவரை பொறுங்கள்’ என்ற மருத்துவரின் சொல்லுக்கும் இடையே இளம் தாய் தவிக்கிறாள். இருவர் சொல்வதும் உண்மை. அவர்கள் பேசுவது வெவ்வேறு கட்டங்களைப் பற்றி.

எப்போது தொடங்குவது?

அமெரிக்கக் குழந்தை மருத்துவரான பெரி பிரேசல்டன் 1962இல் 1,170 குழந்தைகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். குழந்தையின் ஆயத்தத்தைப் பார்த்து, வற்புறுத்தாமல் பழக்கலாம் என்பது அவர் கருத்து. அக்குழந்தைகள் பகலில் முழுமையாகப் பழகிய சராசரி வயது 28.5 மாதம். இன்று பெரும்பாலான குழந்தை மருத்துவர்கள் கூறுவதும் இதையொட்டியதே: 18 மாதம் முதல் 24 மாதத்துக்குள் ஆயத்தத்தின் அடையாளங்கள் தோன்றத் தொடங்கும், மூன்று வயதையொட்டிப் பெரும்பாலோர் பகலில் பழகிவிடுவர். பெண் குழந்தைகள் சற்று முந்திக்கொள்வதுண்டு.

குழந்தையின் சிறுநீர்ப்பை கொள்ளும் அளவை மதிப்பிட மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் வருவது ஏறத்தாழ அதன் கொள்ளளவு, மில்லிலிட்டரில். இரண்டு வயதில் 120; நான்கு வயதில் 180. இரண்டு வயதுக் குழந்தை அடிக்கடி ஓட வேண்டியிருப்பதில் வியப்பில்லை. அதன் பை ஒரு சிறு தம்ளர் அளவே.

ஆயத்தத்தின் அடையாளங்களை வீட்டிலேயே காணலாம். பகலில் இரண்டு மணி நேரமாவது துணி நனையாமல் இருப்பது. மலங்கழிக்கும்போது கதவு மறைவிலோ கட்டிலின் பக்கத்திலோ ஒதுங்குவது. நனைந்த துணியைத் தானே இழுத்துக் காட்டுவது. ‘வா’, ‘உட்கார்’, ‘எடுத்து வா’ போன்ற சொற்களைப் புரிந்து நடப்பது. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்ய முயல்வது. இவற்றுள் மூன்று நான்கு தென்பட்டால் தொடங்கலாம். தம்பியோ தங்கையோ பிறந்த வாரம், வீடு மாறும் சமயம், காய்ச்சல் கண்ட நாட்கள் ஆகியவை தொடங்க ஏற்றவையல்ல.

இரவு வேறு கணக்கு. உறக்கத்தில் சிறுநீர் குறைவாகச் சுரப்பதற்கும், நிறைந்தவுடன் விழிப்பு வருவதற்கும் உடல் தனியே முதிர வேண்டும். ஐந்து வயதுவரை படுக்கை நனைவதை மருத்துவம் நோயாகக் கருதுவதில்லை. அதற்காகக் குழந்தையை உறவினர் முன்னிலையில் கேலி செய்வது எந்த முதிர்ச்சியையும் விரைவுபடுத்தாது.

டயப்பர் வந்த பின்

கூட்டுக்குடும்பம் சுருங்கித் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், பாதங்களின் மேல் குழந்தையை உட்கார வைத்துக் காத்திருக்க ஆளில்லை. அடுக்ககத்தின் ஓடுபதித்த தரையில் முற்றத்து மண்ணைப் போல ஈரம் உறிஞ்சப்படுவதும் இல்லை. அந்த இடைவெளியில்தான் டயப்பர் நுழைந்தது. முன்பு சித்தூர் மாவட்டத்திலும் இப்போது திருப்பதி மாவட்டத்திலும் அடங்கும் சத்தியவேடு பகுதியின் ஸ்ரீசிட்டி தொழில்நகரத்தில், சப்பானிய நிறுவனமான யூனிசார்ம் டயப்பர் ஆலையே நடத்துகிறது. தலைமுறைகளாகக் கோமணத் துணி உலர்த்திய ஊர்களுக்கு அருகிலேயே அதன் மாற்று உற்பத்தியாகிறது.

டயப்பரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. இரவுறக்கத்திலும் நீண்ட பயணத்திலும் மருத்துவமனையிலும் அது தாய்க்கு உற்ற துணை. ஆயினும் இன்றைய டயப்பர் ஈரத்தை உடனே உள்ளிழுத்து மேற்பரப்பை உலர்வாக வைத்துவிடுகிறது. ‘நான் நனைத்துவிட்டேன்’ என்று குழந்தை உணர்வதற்கு வாய்ப்பே குறைகிறது. கழிப்பதற்கும் ஈரத்துக்கும் உள்ள தொடர்பைத் துணி கற்பித்தது. டயப்பர் அதை மறைக்கிறது. ஆகவே ஆயத்தம் தெரியத் தொடங்கியவுடன், வீட்டில் விழித்திருக்கும் நேரத்திலாவது துணியுள்ளாடைக்கு மாற்றுவது நல்லது. நான்கைந்து ஈரத் துணிகள் கூடுதலாகத் துவைக்க நேரும். அந்த ஈரமே ஆசிரியர்.

பயன்படுத்திய டயப்பரை எங்கே போடுவது என்பதும் சிந்திக்கத்தக்கது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரை உற்பத்தியாளர் தரும் உறையிலோ பொருத்தமான பொதியிலோ பாதுகாப்பாகச் சுற்றி, மக்காத குப்பைக்கு உரிய தொட்டியில் இடுமாறு பணித்தன. உள்ளிருக்கும் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, பின்னர்ச் சுற்றிப் போடுவதே துப்புரவுப் பணியாளருக்கு நாம் செய்யும் மரியாதை. கால்வாயிலோ சாலையோரத்திலோ வீசப்படும் டயப்பரை நாளை வேறொருவர் தம் கையால் எடுக்க வேண்டியிருக்கும்.

‘குழந்தை மலம்தானே!’

நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. பால்குடிக் குழந்தையின் மலம் தூய்மையானது, அதனால் தீங்கில்லை என்பதே அது. பெரியவர்களுக்குக் கழிப்பறை கட்டிய வீடுகளிலும் குழந்தையின் மலம் குப்பைமேட்டிலோ சாக்கடையிலோ கொட்டப்படுவதற்கு இதுவே காரணம். உண்மை நேர்மாறானது. வயிற்றுப்போக்குக் கிருமிகள் சிறு குழந்தைகளைத்தான் அதிகம் தாக்குகின்றன. எனவே அவர்களின் மலத்தில்தான் அவை செறிந்திருக்கும். அது மண்ணிலும் நீரிலும் ஈயிலும் விரலிலும் ஏறி, அதே வீட்டின் அல்லது அண்டை வீட்டின் குழந்தையிடமே திரும்பி வருகிறது.

2014 அக்டோபர் 2ஆம் நாள் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியது. தகுதியுள்ள கிராமப்புறக் குடும்பங்களுக்குக் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. கட்டடம் எழுந்தது. ஆனால் வீட்டின் கடைசி உறுப்பினரான இரண்டு வயதுக் குழந்தையின் மலமும் அதற்குள் செல்லும் நாளன்றுதான் அந்தக் கழிப்பறை முழுமை பெறும். குழந்தை தானாகப் பழகும்வரை, துணியிலோ தரையிலோ கழித்ததைக் கழிப்பறையில் கொட்டி நீரூற்றுவது பெற்றோர் கடமை.

அரசும் தன் பங்கைச் செய்கிறது. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரசுக்கு எதிரான சொட்டு மருந்து 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டபோது, முதற்கட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாநிலங்களுள் ஆந்திரப் பிரதேசமும் ஒன்று. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோருக்கு மாத்திரை வழங்கப்படுகிறது. இவை இரண்டும் நல்ல அரண்கள். ஆனால் மலங்கழுவிய கையைச் சோப்பிட்டுக் கழுவும் பழக்கம் இல்லையெனில், அரணில் ஒரு கதவு திறந்தே கிடக்கும்.

கழிப்பறையைக் குழந்தையின் கண்ணால் பார்ப்போம்

பெரியவர்களுக்கு ஏற்ப அமைந்த கழிப்பறை, மூன்றடி உயரக் குழந்தைக்கு அச்சமூட்டும் இடம். இந்திய முறைக் கழிப்பறையின் குழி அதன் காலிடைவெளிக்கு மிகவும் அகலம். வழுக்கினால் கால் உள்ளே போய்விடும். மேற்கத்திய முறையில் இருக்கை உயரம். கால்கள் அந்தரத்தில் தொங்கும். மேலே விளக்கு மங்கலாக எரிகிறது. கீழே நீர் திடீரென்று பேரொலியோடு பாய்கிறது. தன் உடலிலிருந்து வந்த ஒன்றை அந்தச் சுழல் விழுங்கிச் செல்வதைக் கண்டு குழந்தை அழுதால், அதைப் பிடிவாதம் என்று சொல்வதற்கில்லை.

எனவே தொடக்கத்தில் தரையில் வைக்கும் சிறு கழிப்பிருக்கை ஏற்றது. கடைகளில் அதற்கு வழங்கும் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் வீட்டின் பெரியவளைக் குறித்துவிடும் என்பதால், இங்கே கழிப்பிருக்கை என்றே சொல்வோம். அதை முதலில் கூடத்தின் மூலையில் வைக்கலாம். பிறகு குளியலறை வாயிலுக்கும், பிறகு உள்ளேயும் நகர்த்தலாம். மேற்கத்திய முறைக் கழிப்பறைக்கு மாறும்போது, மேலே பொருத்தும் சிறு வளையமும் கால் ஊன்ற ஒரு மணையும் தேவை. பாதங்கள் ஊன்றி, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருந்தால், பாட்டியின் பாதங்களில் அமர்ந்த அதே நிலை கிடைத்துவிடும். இந்திய முறைக் கழிப்பறையெனில் தொடக்கத்தில் பெரியவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தரை உலர்ந்திருக்க வேண்டும்.

வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது முக்கியம். அம்மா ‘ஆய்’ என்றும், தெலுங்கு பேசும் பராமரிப்பாளர் வேறொரு சொல்லும், பள்ளியில் ஆங்கிலத்தில் இன்னொன்றும் சொன்னால், அவசரத்தில் குழந்தை எந்தச் சொல்லைத் தேடும்? இருமொழி வழங்கும் இப்பகுதியில் இது சிறு செய்தியல்ல. வீட்டுச் சொல்லைப் பள்ளி ஆசிரியைக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் முன்னதாகவே தெரிவித்துவிடுவது நல்லது.

ஒரு நாளின் ஒழுங்கு

பயிற்சிக்கு நீண்ட விடுப்பு தேவையில்லை, ஒழுங்கே தேவை. காலையில் எழுந்தவுடன், ஒவ்வொரு உணவுக்குப் பின்னும், பகலுறக்கத்துக்கு முன்னும் பின்னும், குளிக்கும் முன், படுக்கும் முன் உட்கார வைக்கலாம். ஒரு முறைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். வரவில்லையெனில் எழுப்பிவிடலாம். ஒரு மணி நேரம் உட்கார வைத்து, கைபேசியில் படம் காட்டி, எதிரே நின்று கட்டளையிடுவது பயிற்சியாகாது.

வந்தால் ஒரு புன்னகையும் பாராட்டுச் சொல்லும் போதும். வராமல் தரையில் போய்விட்டால், ‘பரவாயில்லை, அடுத்த முறை அங்கே போவோம்’ என்று சொல்லிக் குழந்தையையும் துடைக்க அழைத்துச் செல்லலாம். இடுப்பில் நாடா முடிச்சும் பொத்தானும் இல்லாமல், இழுத்தால் இறங்கும் ஆடையை அணிவிக்க வேண்டும். கழுவும்போது பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவுவது சிறுநீர்த்தொற்றைத் தவிர்க்க உதவும். இறுதியில் சோப்பிட்டுக் கை கழுவுவது, குழந்தை கழிக்காமல் வெறுமனே அமர்ந்து எழுந்த நாட்களிலும் நடக்க வேண்டும்.

இந்தப் பொறுப்பு தாய்க்கு மட்டும் உரியதென்று எங்கும் எழுதப்படவில்லை. தந்தையோ தாத்தாவோ நாளுக்கு இருமுறை அழைத்துச் சென்றால், ‘அம்மா வந்தால்தான் போவேன்’ என்ற பிடிவாதம் வளராது. ஆண் குழந்தைக்கு நின்று சிறுநீர் கழிக்கக் கற்றுத்தருவது பின்னால் வரட்டும். முதலில் உட்கார்ந்தே பழகட்டும்.

அடக்கி வைக்கும் குழந்தை

இத்தனைக்கும் நடுவே நாம் மிகுந்த கவனத்தோடு பேச வேண்டியது ஒன்று உண்டு. அடியும் மிரட்டலும் பழக்கத்தை விரைவுபடுத்துவதில்லை. ஒருமுறை கெட்டியான மலம் வலியோடு வெளிவந்தாலோ, தரையில் கழித்ததற்காக அடி விழுந்தாலோ, குழந்தை அடுத்த முறை அடக்கத் தொடங்குகிறது. அடக்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சுகிறது, மலம் மேலும் இறுகுகிறது, வலி கூடுகிறது, மேலும் அடக்குகிறது. நாளடைவில் மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கும் உணர்வே மங்கிவிடுகிறது. இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் தானாகக் கசிந்து உடையை அழுக்காக்குகிறது. அதைக் கண்ட பெற்றோர் சோம்பல் என்றோ திமிர் என்றோ எண்ணி மீண்டும் அடிக்கின்றனர். குழந்தைக்கோ கசிந்ததே தெரிவதில்லை.

கால்களைப் பின்னிக்கொண்டு நுனிக்காலில் நிற்பது, மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு உடலை விறைப்பது ஆகியவை பெரும்பாலும் முக்குவதன் அடையாளங்கள் அல்ல, அடக்குவதன் அடையாளங்கள். அப்போது செய்ய வேண்டியது பயிற்சியைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து, மலச்சிக்கலைத் தீர்ப்பதே. நாள் முழுவதும் பாலே உணவாவதைக் குறைத்து, கேழ்வரகுக் களி, கீரை, கொய்யா, பப்பாளி, பருவத்தில் சித்தூர்த் தோட்டத்து மாம்பழம் என நார்ப்பொருளைக் கூட்டலாம். நீர் போதிய அளவு தர வேண்டும். தீரவில்லையெனில் குழந்தை மருத்துவர் மலமிளக்கி தருவார். அது பழக்கமாகிவிடுமோ என்று அஞ்சி இடையில் நிறுத்திவிடுவதால்தான் பல குழந்தைகளுக்குச் சிக்கல் திரும்புகிறது.

பள்ளியும் இதில் பங்குடையது. மூன்று வயதில் மழலையர் வகுப்பில் சேர்க்கும்போது ‘பழகிவிட்டதா?’ என்று கேட்கிறார்கள். அந்தத் தேதியை எண்ணி, கடைசி மாதத்தில் வீடு போர்க்களமாகிறது. வகுப்பில் சேர்ந்த பிறகோ, அழுக்கான அல்லது பூட்டிய கழிப்பறையைக் கண்டு குழந்தை நாள் முழுவதும் அடக்குகிறது. அதற்காகவே நீர் குடிக்காமல் இருக்கிறது. மாலையில் வீட்டு வாசலில் உடையை நனைக்கிறது. சேர்க்கைக்கு முன் கட்டணத்தைக் கேட்கும் நாம், கழிப்பறையைக் காட்டச் சொல்லியும் கேட்கலாம். உயரம் சரியா, தாழ்ப்பாள் எட்டுமா, தண்ணீர் வருமா, உதவிக்கு ஆயா உண்டா, வேண்டியபோது அனுப்புவார்களா என்ற ஐந்து கேள்விகள் போதும்.

திருமலைப் பயணத்தில்

இப்பகுதியில் குழந்தையுள்ள வீடு எதுவும் திருமலையை மறப்பதில்லை. முடியிறக்கவும் காது குத்தவும் வெளியூர்களிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. ஓராண்டு நிறையாத குழந்தையுடன் வரும் பெற்றோருக்குத் தேவஸ்தானம் தனி வழி அளித்துவந்திருக்கிறது. புறப்படுமுன் அன்றைய விதிகளைக் கேட்டறிவது நல்லது. ஆனால் பயிற்சிப் பருவத்தில் இருப்பது ஒன்றரை முதல் மூன்று வயதுக் குழந்தை. அது பெரியவர்களோடு வைகுண்டம் வரிசை வளாகத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அன்று பயிற்சியில் கறாராக இருக்க வேண்டியதில்லை. மலைப்பாதையில் ஏறும் முன் ஒருமுறையும், வரிசையில் நுழையும் முன் ஒருமுறையும் அழைத்துச் செல்லலாம். வரிசை அறைகளை அடுத்துக் கழிப்பறை எங்கே என்பதை உள்ளே சென்றவுடன் பார்த்துவைக்கலாம். இரண்டு செட் மாற்றுடை, உறை, சிறு சோப்பு ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். தேவையெனில் டயப்பர் அணிவிக்கலாம். ‘இது பயணத்துக்கு மட்டும்’ என்று குழந்தையிடம் சொல்லிவிட்டால் அதற்குப் புரியும். ஊர் திரும்பிய மறுநாள் பழைய ஒழுங்கு தொடரட்டும். சிறுநீர் வருமென்று தண்ணீரே தராமல் அழைத்துச் செல்வது மட்டும் கூடாது.

சிறு கணக்கு

நாளொன்றுக்கு நான்கு டயப்பர், ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்று கொண்டால் மாதம் 1,200 ரூபாய்; முப்பது மாதங்களில் 36,000 ரூபாய். பகல்நேரப் பயன்பாட்டை நிறுத்தி இரவுக்கு ஒன்று மட்டும் என்று ஆனவுடன் மாதம் 900 ரூபாய் மிஞ்சும். அதை மாதாந்திரத் தொடர்வைப்பில் இடலாம். பெண் குழந்தையெனில் 2015இல் தொடங்கப்பட்ட செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் சேர்க்கலாம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் செலுத்திக் கணக்கை நடத்தலாம். எனினும் பணத்தை மிச்சப்படுத்துவதற்காகக் குழந்தையை அவசரப்படுத்துவது தவறான சிக்கனம். மலச்சிக்கலுக்கு மருத்துவரிடம் செல்லும் செலவு அந்தச் சேமிப்பை விழுங்கிவிடும்.

வீட்டில் கழிப்பறை இல்லாதவர்களும், இருப்பதைச் சீர்செய்ய விரும்புபவர்களும் வங்கிக் கிளையை அணுகலாம். வீட்டுக் கழிப்பறை கட்டுவதற்கும் புதுப்பிப்பதற்கும் வழங்கும் கடனை ரிசர்வ் வங்கி முன்னுரிமைக் கடன் வகையில் சேர்த்திருக்கிறது. கட்டும்போதே தாழ்வான கைப்பிடி ஒன்று, எட்டும் உயரத்தில் ஒரு குழாய், வழுக்காத தரை, நல்ல விளக்கு ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால், குழந்தைக்கு மட்டுமின்றி முதியவருக்கும் அது பயன்படும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது?

மலத்தில் இரத்தம் கண்டாலோ, மலச்சிக்கல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் காய்ச்சலும் இருந்தாலோ, நன்கு பழகிய குழந்தை திடீரென்று மீண்டும் நனைக்கத் தொடங்கினாலோ, மிகுந்த தாகமும் அடிக்கடி சிறுநீரும் மெலிவும் சேர்ந்து தோன்றினாலோ, நான்கு வயதாகியும் பகலில் பழகாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. இவற்றுள் தாகமும் மெலிவும் நீரிழிவின் அடையாளமாகலாம். அன்றே காட்ட வேண்டும். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையும் சித்தூர் அரசு மருத்துவமனையும் இப்பகுதி மக்களுக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் மருந்து காலம்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை இரண்டு வயதில் பழகியிருக்கலாம். நம் குழந்தைக்கு மூன்றாகலாம். பள்ளி முடித்து வேலைக்குச் செல்லும் நாளில் எவரும் அந்த வயதைக் கேட்கப்போவதில்லை. ஆனால் தன் உடலின் தேவையைச் சொன்னபோது வீட்டார் காது கொடுத்தார்களா, கை ஓங்கினார்களா என்பது அதன் மனத்தில் வெகுகாலம் இருக்கும். ‘அம்மா, உச்சா’ என்று அது முதன்முதலாகச் சொல்லும்போது, கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து செல்வோம்.